வீரர்கள் விளையாடும் விளையாட்டு: நம் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் வீடியோ கேம், போர்டு கேம் ஆர்வலர் சங்கத்தின் நடவடிக்கைகளைப் பேரவை முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் அதற்குள் போகவில்லை.

மாதக் கூட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே பொருள் என்று சென்ற பேரவையில் முடிவெடுத்தோம். தொழில்முறை விளையாட்டு வீரர்களும் அவர்களுடைய பொழுதுபோக்குகளும் என்பது அந்தப் பொருள். ஏன் இதை எடுத்தோம் என்று புதிய உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் மாடி அறைக்கு வரும் இளையவர்களில் பலர் மைதானத்திலிருந்து நேராக வருபவர்கள். கைப்பந்து, கபடி, நீச்சல் என்று தினமும் காலையும் மாலையும் வியர்வை சிந்துகிறவர்கள். நகரத்துப் பள்ளி ஒன்று, தன் அணிப் பிள்ளைகள் இங்கே வரக்கூடாது, கேம் ஆடினால் ஆட்டம் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டது. பிள்ளைகள் வருவது நின்றது. சரி, வாதம் செய்வதைவிட, உலகத்தின் முன்னணி வீரர்கள் வாழ்க்கையில் இந்தப் பழக்கம் உண்மையில் எப்படி இருக்கிறது என்று நல்லதும் கெட்டதும் சேர்த்துப் பார்ப்போம் என்று தொடங்கினோம்.

மே மாதக் கூட்டம்தான் ஆண்டின் சிறந்த கூட்டம் என்பது என் கருத்து. நம் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தடம் இருக்கும் ஊர், பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனின் ஊர். கார் பந்தயம் என்றால் ஆள் கூப்பிட வேண்டியதில்லை. அந்த மாதம் 19ஆம் தேதி இத்தாலியின் இமோலாவில் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஃபார்முலா ஒன் பந்தயத்தை வென்றார். அதே வார இறுதியில் ஐரேசிங் என்ற கணினிக் கார் பந்தய விளையாட்டில் நடந்த நூர்பர்க்ரிங் 24 மணி நேர மெய்நிகர் பந்தயத்திலும் டீம் ரெட்லைன் அணிக்காக அவர் முறை போட்டு ஓட்டினார். அந்த அணியும் வென்றது. உலக சாம்பியன் ஒருவர் நிஜக் காரிலிருந்து இறங்கி வந்து திரையின் முன் உட்கார்ந்து மறுபடியும் கார் ஓட்டுகிறார் என்றால் அந்த ஆசை எவ்வளவு ஆழமானதாக இருக்க வேண்டும்!

உறுப்பினர் ஒருவர் தன் வீட்டிலிருந்து ஸ்டீயரிங், பெடல், இருக்கை எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து அறையில் பொருத்திக் காட்டினார். ஐரேசிங்கில் உள்ள தடங்கள் லேசரால் அளந்து செய்யப்பட்டவை. நிஜத் தடத்தில் எந்த இடத்தில் மேடு தட்டுமோ அதே இடத்தில் இங்கேயும் தட்டும். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மோட்டார் சக்கரத்தின் இழுப்பைக் கைக்குக் கொண்டுவருகிறது. நல்ல பிரேக் பெடல் எவ்வளவு தூரம் அழுந்தியது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு பலத்தோடு மிதித்தோம் என்று அளக்கிறது. உடம்பு உணரும் வேகத்தின் விசையும் விபத்தின் பயமும் மட்டும் இதில் வராது. நூர்பர்க்ரிங்கின் வடக்கு வளையம் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம், எழுபதுக்கும் மேல் வளைவுகள். நம் ஆட்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து பாதி வளையத்திலேயே தடுப்பில் மோதி நின்றார்கள். மோதிய கையோடு மறுபடி வரிசையில் போய் நின்றார்கள்.

திரையிலிருந்து தடத்துக்குப் போனவர்களைப் பற்றியும் அன்று பேசினோம். இங்கிலாந்தின் ஜான் மார்டன்பரோ 2011இல் கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய வீடியோ கேம் ஆடுபவர்களுக்கான ஜிடி அகாடமி போட்டியை வென்று ஓட்டுநரானவர். 2013 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 என்ற கார் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார். அமெரிக்காவின் வில்லியம் பைரன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐரேசிங் ஓட்டித்தான் பந்தயத்துக்குள் வந்தார். அவர் 2024இல் டேடோனா 500 என்ற அமெரிக்காவின் பெரிய கார் பந்தயத்தை வென்றிருந்தார், நம் ஆண்டு முடிவதற்குள் 2025இலும் வென்றார். செய்தி வந்த அன்று வாட்ஸ்அப் குழுவில் நடந்த கொண்டாட்டம் உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் ஜூலையில் இன்னொரு பக்கத்தையும் பார்த்தோம். ஹங்கேரி பந்தயத்துக்கு முந்தைய இரவு வெர்ஸ்டாப்பன் அதிகாலை 3 மணிவரை மெய்நிகர் பந்தயத்தில் இருந்தார். மறுநாள் பந்தயத்தில் அணியோடு பேசும் ரேடியோவில் கோபமாகப் பேசினார், ஹாமில்டனின் காரோடு உரசினார், ஐந்தாவதாக முடித்தார். தூக்கத்துக்கும் தோல்விக்கும் தொடர்பில்லை என்பது அவர் நிலை. கூட்டத்தில் சூடான விவாதம். "ஏனுங்க, அவரு கார் சரியா ஓடாததுக்கு கேம் என்னங்க பண்ணும்?" என்று ஒரு பக்கம். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், அவர் கைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, போட்டிக்கு முந்தைய இரவு 3 மணிவரை சீட்டு ஆடினாலும், படம் பார்த்தாலும், திருமண வீட்டில் இருந்தாலும் நான் திட்டியிருப்பேன் என்றார். எனக்கு அவர் சொன்னது முழுச் சம்மதம். தூக்கம் தனிக் கேள்வி, அதைக் கேம் மேல் மட்டும் ஏற்றக்கூடாது.

2024 டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டு வெளிவந்து 50 ஆண்டுகள் நிறைந்த வருடம். அதையொட்டி ஜூன் கூட்டத்தை டிம் டங்கனுக்கு ஒதுக்கினோம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணிக்காக 1997 முதல் 2016 வரை ஆடி, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 5 பட்டங்கள் வென்றவர். களத்தில் முகத்தில் உணர்ச்சியே காட்டாதவர். அவருக்கு இருபது முகப் பகடையை உருட்டி மந்திரவாதிகளும் பூதங்களும் உலவும் கதை ஆடும் இந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பிரியம். உடம்பில் மெர்லின் மந்திரவாதியைப் பச்சை குத்தியிருக்கிறார். அன்று பேசிய பொறியியல் கல்லூரி மாணவர் டங்கனின் பொறுமையையும் இந்த ஆட்டத்தையும் இணைத்து, இது அணியுணர்வை வளர்க்கிறது, திட்டமிடலை வளர்க்கிறது என்று நீளமாக விளக்கினார். நல்ல பேச்சுதான். ஆனாலும் இங்கே செயலாளராக என் எண்ணத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். டங்கன் பட்டம் வென்றதால் அவருடைய பகடை நியாயமாகிவிடவில்லை. அவர் ஒரு பட்டமும் வெல்லாதவராக இருந்தாலும் அந்த மேசை அவருக்குச் சந்தோஷம் தந்திருக்கும், அது போதும். பிள்ளைகளின் பொழுதுபோக்குக்கு மதிப்பெண்ணிலும் பதக்கத்திலும் கணக்குக் கேட்கும் பழக்கத்தை நாம் சங்கத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க ஓட்டவீரர் நோவா லைல்ஸ் 100 மீட்டரில் 9.784 விநாடியில் தங்கம் வென்றார், ஜமைக்காவின் கிஷேன் தாம்ப்சனைவிட ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு முன்னால். இதே லைல்ஸ் ஜூனில் ஆரிகன் மாநிலத்தின் யூஜீனில் நடந்த தேர்வுப் போட்டியில் ஓடும் முன் உடைக்குள்ளிருந்து, யூ-கி-ஓ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) சார்ந்த அட்டை விளையாட்டின் அட்டை ஒன்றை எடுத்துக் காமிராவுக்குக் காட்டினார், நீலக்கண் வெள்ளை டிராகன் அட்டை. நம் பெண் உறுப்பினர்கள் இந்தக் கூட்டத்தை முழுவதுமாக நடத்தினார்கள். ஆஸ்துமாவோடு வளர்ந்த ஒரு பையன் தான் ரசிக்கும் அனிமேயை மறைக்காமல் உலகத்தின் முன் நிற்கிறான் என்று தடகளப் பிள்ளை ஒருத்தி பேசியபோது அறையே கை தட்டியது. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா அனிமே, வீடியோ கேம் இரண்டிலும் தன் விருப்பத்தை வெளிப்படையாகச் சொல்கிறவர் என்பதையும் அவர்களே எடுத்துச் சொன்னார்கள்.

மழையால் செப்டம்பர் கூட்டம் நடக்கவில்லை. அக்டோபரில் கர்ட் ஷில்லிங் பற்றி. இந்தக் கதையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம்மில் சிலர் கேம் கம்பெனி தொடங்கும் கனவோடு இருக்கிறோம்.

ஷில்லிங் பேஸ்பால் பந்துவீச்சாளர். 2001இல் அரிசோனாவோடும், 2004இல் 86 ஆண்டு பட்டமில்லா வறட்சியை முடித்த பாஸ்டன் ரெட் சாக்ஸோடும், உலகத் தொடர் எனப்படும் அமெரிக்க பேஸ்பால் இறுதிப் போட்டியை வென்றவர். எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டில் மூழ்கியவர். இரண்டாம் உலகப்போரைப் பற்றிய மிகச் சிக்கலான அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர் என்ற போர்டு கேம் அச்சில் இல்லாமல் போய்விடாமல் இருக்கத் தன் பணத்தைப் போட்டு மல்டி-மேன் பப்ளிஷிங் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அது அன்பால் செய்த வேலை, இன்றும் அந்த ஆட்டம் கிடைக்கிறது. அப்புறம் 2006இல் ஒரு வீடியோ கேம் நிறுவனம் தொடங்கினார். பிறகு அதற்குத் தன் சட்டை எண்ணைச் சேர்த்து 38 ஸ்டுடியோஸ் என்று பெயர் வைத்தார். 2010இல் ரோட் ஐலண்ட் மாநிலம் அதற்கு 7.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது, நிறுவனம் அந்த மாநிலத்துக்கு இடம் மாறியது. 2012 பிப்ரவரியில் கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங் வெளியாகி நன்றாகவே விற்றது. ஆனால் கம்பெனியின் செலவு இன்னும் முடியாத ஒரு பிரமாண்ட இணைய விளையாட்டில் போய்க்கொண்டிருந்தது. மே மாதம் மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய தவணை தவறியது, சம்பளம் நின்றது, ஊழியர் அனைவரும் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். ஜூனில் திவால். அந்தப் பெரிய விளையாட்டு வெளிவரவே இல்லை. ஷில்லிங் தன் சொந்தச் சேமிப்பையும் இழந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மென்பொருள் துறையில் இருப்பவர்கள் சொன்னது முக்கியம். விளையாட்டை நேசிப்பது ஒரு திறமை, மாதாமாதம் ஊருக்கெல்லாம் சம்பளம் போடுவது வேறு திறமை. முதல் கம்பெனியைச் சிறியதாக வைத்திருந்ததால் அது பிழைத்தது. கனவு காணும் தம்பிகள் அந்த முதல் கம்பெனியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பது என் ஆசை.

டிசம்பரில் பெற்றோர் கூட்டம் வைத்தோம். தடை போட்ட பள்ளியின் பிள்ளைகளுடைய பெற்றோர்களும் வந்திருந்தார்கள், அவர்களுக்குத் தனி நன்றி. கெட்ட செய்தியை நாங்களே முதலில் சொன்னோம். டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் ஜோயல் சுமாயா மணிக்கு 100 மைலுக்கு மேல் பந்து வீசியவர். 2006 ப்ளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகளில், முன்கை வீங்கி ஆட முடியாமல் உட்கார்ந்தார். கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேம் ஆடியதால் வந்த வீக்கம் என்று அணியின் உடற்பயிற்சி மருத்துவக் குழு கண்டுபிடித்தது. பந்துவீச்சில் வரும் காயம் வேறு மாதிரி வலிக்கும் என்பதை வைத்தே கண்டுபிடித்தார்கள். 2018இல் பேஸ்பால் பந்துவீச்சாளர் டேவிட் பிரைஸுக்கு மணிக்கட்டு நரம்புப் பிரச்சினை வந்தபோதும் எல்லோரும் ஃபோர்ட்நைட் என்ற வீடியோ கேமைக் கை காட்டினார்கள். அவர் அதை மறுத்தார். அந்த அக்டோபரில் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்ததும் அவரேதான். உறுப்பினராக இருக்கும் பிசியோதெரபிஸ்ட் அக்கா, பந்து வீசும் கை, பந்து அடிக்கும் கை எவ்வளவு நேரம் கன்ட்ரோலரைப் பிடிக்கலாம், இடையில் என்ன செய்ய வேண்டும் என்று செய்தே காட்டினார். அதன்பின் அறையில் ஒரு விதி போட்டிருக்கிறோம்: போட்டிக் காலத்தில் இருக்கும் பிள்ளைகள் இரவு 8 மணிக்கு மேல் இருக்கக்கூடாது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். கூட்டம் முடிவதற்குள் ஓர் அம்மா, தோனியே விமானத்தில் கேண்டி கிரஷ் ஆடினாரே என்று சொல்லிச் சூழலை இளக்கினார். இந்தியாவுக்காகக் கிரிக்கெட்டிலும் இளையோர் உலகச் சதுரங்கத்திலும் ஆடிய சாஹலைப் பற்றியும் பேச்சு வந்தது. ஜனவரியிலிருந்து பிள்ளைகளில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் செர்ஜியோ அகுவேரோ. இதயத் துடிப்புக் கோளாறால் 2021 டிசம்பரில், 33 வயதில், கண்ணீரோடு கால்பந்தை விட்டவர். அவர் ஏற்கெனவே தொடங்கியிருந்த க்ரூ இஸ்போர்ட்ஸ் என்ற வீடியோ கேம் போட்டி அணி, அதே மாதம் பெர்லினில் நடந்த வாலரன்ட் என்ற கேமின் உலகப் போட்டியில் கடைசி நான்குக்குள் வந்தது. 2024இல் மெஸ்ஸியும் அதில் பங்குதாரராகச் சேர்ந்தார். முழங்கால் காயத்தால் கபடியை நிறுத்திவிட்ட நம் உறுப்பினர் அன்று பேச முன்வந்தார். அவர் பேசியதை அறிக்கையில் எழுத அவர் அனுமதி தரவில்லை. கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

நூலகம்: போர்டு கேம் அலமாரி நிறைந்துவிட்டது. மேஜிக் என்ற அட்டை விளையாட்டின் அட்டைகளுக்கு இந்த ஆண்டு பூட்டுள்ள பெட்டி வாங்கினோம். 2014இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கேசியஸ் மார்ஷின் காரை உடைத்து 20,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள மேஜிக் அட்டைகளைத் திருடிக்கொண்டு போனார்கள் என்ற கதையைக் கேட்ட பிறகு செயற்குழுவில் யாரும் செலவை எதிர்க்கவில்லை. மார்ஷ் மனம் தளரவில்லை, 2021இல் கலிபோர்னியாவில் சொந்தமாக அட்டைக் கடையே திறந்துவிட்டார்.

பழைய கன்சோல் ஒன்றின் மின்விசிறி பழுதாகி மாற்றியிருக்கிறோம். அறை வாடகை உயர்கிறது, சந்தாவைச் சற்று உயர்த்தும் தீர்மானம் அடுத்து வருகிறது, ஆதரிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களுக்குச் சந்தா மாறாது.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலைகளைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. மாவட்டப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளைகள் பேருந்திலும் தங்குமிடத்திலும் ஆட, எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய அட்டை விளையாட்டுகளை இரவல் கொடுப்பது. ஒரு ஸ்டீயரிங், பெடல் செட்டைச் சங்கத்துக்கே வாங்குவது, நன்கொடை தர விரும்புவோர் பொருளாளரைப் பார்க்கவும். அப்புறம், அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை நம் ஜூன் கூட்டத்துக்கு அழைப்பது. அழைப்புக் கடிதம் எழுதிவிட்டேன், தலைவர் கையெழுத்திட்டதும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

அறையைக் கொடுத்திருக்கும் வீட்டுக்காரர் அம்மாவுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுண்டலும் டீயும் ஏற்பாடு செய்த உறுப்பினர்களுக்கும், ஸ்டீயரிங்கை வேனில் ஏற்றி வந்த நண்பருக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கோயம்புத்தூர்