விருந்துக்கு வந்தவர்களை மறக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் நாள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வான்கோழி, பூசணிப் பை எல்லாம் சரி, ஆனால் இந்த நாளுக்கு முன்னோடியாக 1621-இல் பிளைமவுத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்துக்குத் தலைவர் மாசசோயிட்டுடன் ஏறத்தாழ 90 பேராக வந்து, மூன்று நாள் உடனிருந்து, ஐந்து மான்களையும் வேட்டையாடிக் கொடுத்த வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒரே ஒரு வரிதானா? அங்கே குடியேறிகளைவிட அவர்கள்தான் அதிகம். மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்ததும் பூர்வகுடிகள்தான்.

உள்நாட்டுப் போருக்கு நடுவே 1863-இல் லிங்கன் இதைத் தேசிய நாளாக அறிவித்ததை எழுதினீர்கள், நல்லது. அதே பிளைமவுத்தில், நன்றி தெரிவிக்கும் நாளான அதே நவம்பர் வியாழக்கிழமையில், 1970 முதல் பூர்வகுடிகள் துக்க நாள் அனுசரிப்பதையும் சேர்த்திருக்கலாம். இங்கே பள்ளியில் படிக்கும் என் மகள் ஒரு நவம்பரில் பூர்வகுடி வேடத்துக்கான காகித இறகுத் தொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். அந்த மக்கள் இப்போது எங்கே என்று கேட்டேன். “அவங்க எல்லாம் அந்தக் காலத்து ஆளுங்கப்பா” என்றாள். மனசு கனத்துவிட்டது, ஏனென்றால் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மாஷ்பீயில் வாம்பனோவாக் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். அடுத்த நவம்பரில் அவர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், அமெரிக்கா