மனைக்கு ஏது சாவி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் முப்பது வருடமாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். விளம்பரப் படங்களில் வரும் கடிகாரங்களைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் மணி 10:10 ஆகத்தான் இருக்கும். பன்னிரண்டுக்குக் கீழே இருக்கும் கம்பெனி பெயரை முட்கள் மறைக்காது, முகப்பும் சிரிப்பது மாதிரி தெரியும். அந்தப் பழக்கத்தில் எந்த விளம்பரத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பேன்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழில் முழுப்பக்க மனை விளம்பரம். தங்கைக்காக எதையும் செய்யும் அண்ணனாகப் பல படங்களில் நடித்தவர், அதே வேட்டி சட்டையில் ஒரு சாவியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் மாடி வீடு, வாசலில் ஊஞ்சல். விற்பதோ வெறும் மனை. மனைக்கு ஏது பூட்டு, ஏது சாவி? என் மைத்துனர் அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “அவரே வந்து நிக்கிறார் அத்தான், விசாரிக்காமலா நிப்பார்?” என்றார்.

கடையில் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, அடியில் எறும்பு வரிசை போல இருந்ததைப் படித்தேன். படங்கள் கற்பனையே, தூரமும் நேரமும் தோராயமானவை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மேலே ‘பஸ் ஸ்டாண்ட் 5 நிமிடம்’ என்பது மட்டும் கொட்டை எழுத்தில், நல்ல தமிழில்.

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகள், விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இந்த மாதிரிக் குறிப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் விதிக்கலாம். முறையாக விசாரித்த பிறகே தோன்றினேன் என்று காட்டினால் அவர் தப்பலாம். ஆக, மைத்துனர் கேட்டதைத்தான் சட்டமும் கேட்கிறது. அவர் நம்பிக் கேட்டார், சட்டம் நம்பாமல் கேட்கிறது.

நடிகரிடம் நான் கேட்க முடியாது. உங்களிடம் கேட்கலாம் இல்லையா? அடுத்த ஞாயிறும் அந்த விளம்பரம் வந்தால், அந்த எறும்பு வரிசையைத் தமிழில், வெறும் கண்ணுக்குத் தெரிகிற அளவில் போட்டுத் தரும்படி உங்கள் விளம்பரப் பிரிவு கேட்கட்டும். மைத்துனர் முன்பணம் கட்டுவதை அதுவரை தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கடிகாரக் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்