பேவர் பிளாக் வாசலில் புல் முளைக்கிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கமுங்க. நாலு உழவு மழை பெய்ததும் நமக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "கல்லுக்கு அடியில ஷீட் போடாம விட்டுட்டீங்களா? சந்தெல்லாம் புல்லு!" ஐப்பசி மழை இறங்கும் முன்பே விவரத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சந்துப் புல் பெரும்பாலும் அடியிலிருந்து வருவதில்லை, மேலிருந்து வருகிறது. பிஞ்சாக நிற்கும் ஓர் அம்மான் பச்சரிசியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேர் பிடித்திருப்பது மேலே படிந்த கருப்புப் புழுதியில். அதற்குக் கீழே நாம் போட்ட மணல் சுத்தமாகவே இருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று காட்டுப் புழுதியையும் பார்த்தீனிய விதையையும் கொண்டுவந்து சந்தில் கொட்டுகிறது. வேப்பஞ்சருகு அதிலேயே மக்குகிறது. சாணி தெளிக்கிற வாசலாக இருந்தால் உரமும் சேர்ந்துவிடும். மழை ஒன்றுதான் பாக்கி.

அதனால் ஷீட் போட்டாலும் இந்தப் புல் வரும். பிளாஸ்டிக் ஷீட்டில் இன்னொரு வம்பும் உண்டு. தண்ணீர் கீழே இறங்காமல் தேங்கி, கார் ஏறும்போது மணலைக் கலக்கிவிடும், கல் அமுங்கும். அருகும் கோரையும் மட்டும் வேறு கதை. அருகு ஓரத்திலிருந்து ஓடி வரும், கோரை கிழங்கிலிருந்து குத்திக்கொண்டு வரும். கோரை வந்த இடத்தில் கல்லைப் பெயர்த்து, கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பதிப்பதுதான் வழி. மேலே வெட்டினால் திரும்பத் திரும்பத் தழையும்.

சந்தில் மணல் நிறைந்திருந்தால் புழுதி உட்கார இடமே இருக்காது. கல்லின் சரிந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை மணல் நிற்க வேண்டும். ஒரு விரல்கணு இறங்கியிருந்தால் நிரப்பும் நேரம் வந்துவிட்டது. முதலில் பழைய புழுதியைத் தட்டையான கம்பியால் கீறி எடுத்துக் கூட்டித் தள்ளுங்கள். அதை விட்டுவிட்டு மேலேயே மணல் போட்டால் விதையை மூடி வைத்த மாதிரிதான். இரண்டு நாள் வெயிலில் கல் நன்றாகக் காய்ந்த பிறகு, சலித்த காய்ந்த மணலைப் பரப்பி, தென்னந்துடைப்பத்தால் குறுக்காகத் தள்ளித் தள்ளி இறக்குங்கள். கல் உடைக்கும்போது விழும் தூளான கிரஷர் டஸ்ட் வேண்டாம். அதிலுள்ள மாவு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

கார் கழுவும் பிரஷர் கன்னைச் சந்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள். மணல் பாதி வெளியே வந்துவிடும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், காய்ந்ததும் மணல் போட்டுவிடுங்கள்.

சிலர் சந்தில் சிமெண்ட் பால் ஊற்றிவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடே இல்லை. கார் ஏற ஏறக் கல் கொஞ்சம் அசையும், சிமெண்ட் வெடிக்கும், அந்த வெடிப்பில் புல் வரும். அப்புறம் ஒரு கல்லைக்கூட முழுசாகப் பெயர்க்க முடியாது. தண்ணீர் தெளித்தால் இறுகிக்கொள்ளும் பசை கலந்த பாலிமர் மணல் பரவாயில்லை, ஆனால் விலை அதிகம். தண்ணீர் தேங்கும் வாசலில் நிற்காது. தண்ணீர் தெளிக்கும் முன் கல்மேல் ஒட்டிய தூளைச் சுத்தமாகக் கூட்டாவிட்டால் வெள்ளைப் படலம் படிந்துவிடும்.

உப்பு? "தென்னைக்கே போடறோமே" என்பீர்கள். தென்னை தாங்கும், வாசலோரக் கறிவேப்பிலை தாங்காது. கேட்டின் இரும்பும் துருப்பிடிக்கும். களைக்கொல்லிக்கும் அவசரப்பட வேண்டாம். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலாளர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவித்தது. அது நிற்கிற செடியைக் கொல்லும், நாளை காற்றில் வரும் விதையை ஒன்றும் செய்யாது. கோழியும் குழந்தையும் நடமாடும் வாசல் வேறு. ஒன்றிரண்டு இளஞ்செடிக்குக் கொதிக்கும் வெந்நீரே போதும்.

நம்மிடம் கல் வாங்கியவர்கள் சாக்கோடு வந்தால் சலித்த மணல் அள்ளிக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆயுத பூஜைக்குள் வந்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் நம் மணலும் நனைந்துவிடும், துடைப்பத்துக்கு இறங்காது.

இப்படிக்கு,
உங்கள் பேவர் பிளாக் களத்தார்,
பல்லடம்