கட்டி இல்லாமலும் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னது சரி. ஆனால் மார்புக் காம்பில் வரும் புற்றுநோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! பேஜட் நோய் என்பார்கள். ஜேம்ஸ் பேஜட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1874-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 4 பேருக்குத்தான் இது வரும். அதனாலேயே யாருக்கும் சட்டென்று சந்தேகம் வருவதில்லை.

எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் அக்கா ஒருவருக்கு இடது காம்பில் ஓயாத அரிப்பு. முதுகில் சுமக்கும் டாங்கியின் வார் உரசியதால்தான் என்று இருந்துவிட்டார். முதலில் கடைக் களிம்பு, அப்புறம் கிளினிக் களிம்பு. பூசினால் சிவப்பு அடங்கும், விட்டால் திரும்பிவிடும். காம்பு பொருக்குக் கட்டி உரிந்தது. உள்சட்டை அதில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது மஞ்சள் கறையோடு வந்தது. கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. கூச்சத்தில் அவர் காட்டவில்லை, களிம்பு கொடுத்தவர்களும் பார்க்கவில்லை. பார்க்காமலே எப்படி மருந்து எழுதுகிறார்கள் என்று எனக்கு இன்னமும் ஆறவில்லை.

சாதாரணக் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தில் தொடங்கும். பேஜட் நோய் அநேகமாக ஒரு பக்கம்தான். காம்பிலேயே தொடங்கி வளையத்துக்குப் பரவும். காம்பு தட்டையாகலாம், இரத்தம் கசியலாம். ஸ்டிராய்டு களிம்பு மேலுக்கு ஆற்றிக் காட்டி நாளைக் கடத்திவிடும். ஆகவே ஒரு பக்கப் புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். மெமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோருக்கு மார்பின் உள்ளேயும் புற்று இருக்கும். மெமோகிராமில் ஒன்றும் தெரியாவிட்டாலும் துணுக்குச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

மார்பையே எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் ஒளிக்கிறார்கள். எல்லோருக்கும் அப்படியில்லை. உள்ளே எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து, காம்பையும் வளையத்தையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு.

இங்கே மலேசியாவில் அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், மிஸ்ஸியை (தாதியை) பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். அடுத்த மலரில் அறுவை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, இதைப் படத்தோடு போடுங்கள் ஐயா.

வாசகி,
சுங்கை சிப்புட்