அந்த மணியோடரை வங்கியில் போட முதல்

அன்பின் குலம்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மனுசிக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, நல்லூர்த் திருவிழாவுக்கு நடந்தே போகப் போகிறேன் என்று நிற்கிறாள். மற்றப் புதினங்கள் பிறகு, முதலில் உன் மணியோடர் அலுவல். போனில் சொன்னால் நீ பாதியைத்தான் கேட்பாய், அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நீ அங்கே அமெரிக்காவில் சாப்பாட்டு மேசையை 650 டொலருக்கு விற்க விளம்பரம் போட்டாய். முன்பின் தெரியாத ஒருவர் 950 டொலருக்குத் தபால் மணியோடர் அனுப்பிவிட்டு, மிச்சம் 300ஐ மேசை ஏற்ற வரும் லொறிக்காரருக்கு அனுப்பிவிடு என்கிறார். மச்சான், அந்த 300ஐ அனுப்பாதே. விலையைவிடக் கூடத் தந்து மிச்சத்தைத் திருப்பிக் கேட்பவன் வாங்க வந்தவன் இல்லை. நீ அதை வங்கியில் போட்டவுடன் கணக்கில் காசு தெரியும், நீயும் நம்பி 300ஐ அனுப்பிவிடுவாய். கள்ள மணியோடர் என்று திரும்பி வர நாட்கள் ஆகும், சில வேளை வாரக்கணக்காகும். அப்போது வங்கி முழு 950ஐயும் உன் கணக்கில்தான் கழிக்கும்.

ஆகவே அதை வங்கிக்குக் கொண்டுபோகாமல் நேரே தபால் கந்தோருக்குக் கொண்டுபோ, அங்கே மாற்றக் கட்டணம் இல்லை. அதற்கு முதல் வீட்டிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார். இடது பக்கம் பெஞ்சமின் பிராங்கிளினின் முகம் நீர்க்குறியாக மேலிருந்து கீழே திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். வலது பக்கம் ஒரு நூல் ஓடும், அதில் யூஎஸ்பிஎஸ் என்று, அதாவது அமெரிக்கத் தபால் சேவையின் பெயர்ச் சுருக்கம், மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். தொகை அச்சடித்த இடத்தைச் சுற்றி நிறம் மங்கியிருந்தால் யாரோ அழித்து எழுதியிருக்கிறார்கள். உள்நாட்டு மணியோடர் ஒன்று 1000 டொலருக்கு மேல் இருக்கவே முடியாது, ஆனால் உன்னுடையது 950 என்பதால் அந்தச் சோதனை உனக்கு உதவாது.

இத்தனை வருசம் கந்தோர் கவுண்டரில் இருந்தவன் என்ற முறையில் எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மணியோடர் தொடங்கியது உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864 நவம்பர் 1ஆம் திகதி. போர்முனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் காசு கடித உறையிலிருந்தே களவு போனதால்தான் அப்படி ஒரு முறை வந்தது. அப்போது ஒன்றுக்கு 30 டொலர்தான் எல்லை. எந்தக் கந்தோரில் மாற்றுவது என்பதை முதலே குறிக்க வேண்டும், அந்தக் கந்தோருக்கு இன்னாருக்கு இவ்வளவு என்று வேறாக ஒரு அறிவித்தல் போகும், அது வந்து சேராமல் காசு கொடுக்க மாட்டார்கள். பிரித்தானிய முறையும் அப்படித்தான், காசு எடுக்க வருபவர் அனுப்பியவரின் பெயரையும் சொல்ல வேண்டும். கடதாசி ஒரு வழியால், தகவல் இன்னொரு வழியால். வழியில் கடதாசியைத் திருடியவனுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு யோசித்து வைத்த ஒழுங்கு பார்!

இன்றைக்கு உன் ஊரில் அந்த இரண்டாவது வழி இல்லை. எந்தத் தபால் கந்தோரிலும் மாற்றலாம், வங்கியிலும் போடலாம். வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு முழுவதும் அந்தக் கடதாசியின் நீர்க்குறிக்கும் நூலுக்கும் போய்விட்டது, அதைப் பார்க்கும் பொறுப்பு உன் தலையில் விழுந்துவிட்டது. இதை யாராவது உனக்குச் சொன்னார்களா?

மணியோடர் என்றால் எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை, அதனால்தான் எனக்குப் பயம். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்தவர்கள் அனுப்பிய காசில் கல்வீடு எழும்பிய ஊர் இது, மணியோடர் பொருளாதாரம் என்றே யாழ்ப்பாணத்தைச் சொன்னார்கள். தபாலில் வந்த காசு பொய்க்காது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கையைத்தான் உனக்கு இதை அனுப்பியவன் பிடித்து வைத்திருக்கிறான்.

இன்னொன்று. நீ வாடகைக்கு மணியோடர் வாங்குவதாக எழுதியிருந்தாய், அங்கே பெறுபவரின் பெயரை வெறுமையாக விட்டுத்தான் தருகிறார்களாம். கவுண்டரை விட்டு நகர முதல் பெயரை எழுதிவிடு, பெயர் இல்லாத மணியோடர் விழுந்தால் எடுத்தவனுக்குத்தான். பெயரைப் பிழையாக எழுதினால் வெட்டித் திருத்தாதே, திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு புதிதாக வாங்கு. துண்டாகக் கிழித்துத் தரும் பற்றுச்சீட்டைக் கவனமாக வை. காணாமல் போனால் விசாரிக்கத் தொடரிலக்கமும் தொகையும் அதில்தான் இருக்கின்றன.

சரி, மற்றதெல்லாம் அடுத்த கடிதத்தில். நீ கேட்ட பனங்கட்டி வாங்கி வைத்திருக்கிறேன், பார்சல் போட முன் இன்னும் என்ன வேண்டும் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. அந்தக் கடதாசி உண்மையா பொய்யா என்று தபால் கந்தோரில் சொன்னவுடன் எனக்குப் போன் எடு, இங்கே இரவாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவரை மேசையையும் கொடுக்காதே.

அன்புடன்,
உன் சிவம்
சுன்னாகம்