கையில் ஒரு ஊசி, காயத்துக்குள் ஒரு ஊசி

அன்புள்ள அசோகனுக்கு,

கடிதம் கிடைத்தது. தம்பி மகனை நாய் கடித்ததும் கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினீர்கள் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பு. சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கவிடாமல் தடுத்தாயே, அதுவும் பெரிய உதவி.

கையில் தடுப்பூசி போட்ட பிறகும் புண்ணுக்குள் குத்திப் பிள்ளையை ஏன் அழவைத்தார்கள் என்று கேட்டிருந்தாய். தடுப்பூசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். உடம்பில் காவல் சுற்றும் டென்ட்ரிட்டிக் செல்கள் அதை விழுங்கி, அக்குளில் நெறிகட்டும் நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே குவிந்திருக்கும் வெள்ளணுக்களான டி செல்களிலும் பி செல்களிலும் இந்த வைரஸுக்குப் பொருந்துபவை வெகு சில. அவை தூண்டப்பட்டு, பெருகி, வைரஸைப் பிடித்து முடக்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரந்து, அது ரத்தத்தில் காக்கும் அளவை, அதாவது மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டை, எட்ட 7 முதல் 14 நாள் பிடிக்கும். வைரஸோ அதற்குள் நரம்பு முனையில் புகுந்துவிடலாம். புகுந்தபின் ஆன்டிபாடியால் அதைத் தொட முடியாது. மூளைக்குப் போய் அறிகுறி தெரிந்துவிட்டால் மருத்துவம் கைவிரித்துவிடுகிறது. வழியில் அது அழற்சியை அதிகம் கிளப்புவதில்லை. அதனால் உடம்பு தானாக விழித்துக்கொள்வதும் தாமதம்தான்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்தமாக உள்ள ஆன்டிபாடி. மனித ரத்தத்தில் எடுத்தது என்றால் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிடமிருந்து எடுத்தது என்றால் 40. 30 கிலோ பையனுக்கு 600 அல்லது 1200. அதற்கு மேல் கொடுத்தால் தடுப்பூசி எழுப்பும் எதிர்வினையே மங்கிவிடும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்துவிட்டாலும் இதைப் போடுவதில்லை. சொந்த ஆன்டிபாடி வரத் தொடங்கியிருக்கும்.

மிச்சத் தவணைகளைத் தவறவிடாதே. தோலுக்குள் போடும் முறையென்றால் 0 (முதல் ஊசி போட்ட நாள்), 3, 7, 28ஆம் நாட்களில், இரு தோள்களிலும் 0.1 மில்லி. போட்ட இடத்தில் தோல் சிறு கொப்புளமாக எழும்ப வேண்டும். எழும்பவில்லையென்றால் மருந்து தோலுக்குக் கீழே இறங்கிவிட்டது, பக்கத்தில் மறுபடி போட வேண்டும். தசையில் போடும் முறைக்கு 0, 3, 7, 14, 28. அதில் இடுப்பில் போடவே கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாக வேலை செய்யாது. முடிந்ததும் அட்டையைப் பத்திரப்படுத்து. இந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் செல்கள் தங்கிவிடுவதால் இன்னொரு முறை கடிபட்டால் 0, 3 என்று இரண்டு தவணையே போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம்.

எனக்குக் கவலை பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றித்தான். அதே நாய் அவரைக் கீறியது, ரத்தம் வரவில்லை, தடுப்பூசி மட்டும் போட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். மற்றவர்களுக்கு அது சரி. அவர் மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர். அது செல்கள் பெருகுவதையே குறைக்கும் மருந்து. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு இந்த மாதிரிக் கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 7 நாள் முடியவில்லை, இன்றைக்கே மாத்திரைச் சீட்டோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. மாத்திரையை அவராக நிறுத்த வேண்டாம். கடைசித் தவணைக்குப் பிறகு ஆன்டிபாடி அளவைப் பரிசோதிக்க முடியுமா என்றும் டாக்டரிடம் கேள்.

அன்புடன்,
மாணிக்கம்