ட்ரினா கல்லிவரை விட்டுவிட்டீர்களே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெண்கள் டார்ட்ஸ் (வட்டப் பலகையில் சிறு அம்புகளை எறியும் விளையாட்டு) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகைகளில் இந்த விளையாட்டைப் பற்றி வருவதே அபூர்வம் என்பதால் ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் கட்டுரை முழுக்க இங்கிலாந்து வீராங்கனை ஃபாலன் ஷெராக் மட்டும்தான். 2019 டிசம்பரில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் அவர் டெட் எவெட்ஸ் என்ற ஆண் ஆட்டக்காரரை 3-2 என்று வென்றதும், ஆண்களே ஜெயித்துவந்த பி.டி.சி. என்ற தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பின் உலகப் போட்டியில் ஓர் ஆட்டத்தை ஜெயித்த முதல் பெண் ஆனதும், அடுத்த சுற்றில் மென்சுர் சுல்யோவிச்சையும் வீட்டுக்கு அனுப்பியதும் பெரிய விஷயம்தான், நானும் கைதட்டியவள்தான். ஆனால் அவருக்கு முன்னாலேயே 10 முறை உலகச் சாம்பியன் ஆன ஒரு பெண் இருக்கிறாரே, அவர் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ட்ரினா கல்லிவர். இங்கிலாந்தின் வாரிக்‌ஷர் மாவட்டத்தில் சவுதம் என்ற சின்ன ஊர்க்காரர், தச்சு வேலை கற்றவர். பி.டி.ஓ. என்ற இன்னொரு பிரிட்டிஷ் டார்ட்ஸ் அமைப்பு ஆண்களுக்கு 1978-லேயே உலகப் போட்டி தொடங்கிவிட்டது, பெண்களுக்கு 2001-ல்தான். அந்த முதல் போட்டியை ஜெயித்தபோது ட்ரினாவுக்கு வயது 31. இடையில் போன 23 வருடத்தில் எத்தனை நல்ல ஆட்டக்காரிகளுக்கு வாய்ப்பே வராமல் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

அந்த வருடம் தொடங்கி 2007 வரை, விடாமல் ஏழு வருடம், கோப்பை அவரிடமேதான் இருந்தது. இதன் கஷ்டம் புரிய வேண்டுமென்றால் ஆட்டத்தின் நீளத்தைப் பார்க்க வேண்டும். 2007-ல் பி.டி.ஓ. உலகப் போட்டி நடந்த லேக்சைடு அரங்கில் ஆண்கள் இறுதியாட்டம் மார்ட்டின் ஆடம்ஸுக்கும் ஃபில் நிக்சனுக்கும் 7-6 என்று 13 செட் போனது. அதே மேடையில் பெண்கள் இறுதியாட்டம் 2-1, மூன்றே செட். எறியும் கோட்டிலிருந்து பலகைக்கு 2.37 மீட்டர், பலகையின் நடுப்புள்ளி 1.73 மீட்டர் உயரம், 501 புள்ளியிலிருந்து கழித்துக்கொண்டே இறங்கி டபுளில் (இரட்டைப் புள்ளி தரும் மெல்லிய வளையத்தில்) எறிந்து முடிப்பது எல்லாம் இரு பாலாருக்கும் ஒன்றேதான், ஆனால் பெண்களுக்குத் தடுமாறி எழுந்துகொள்ள நேரமே கிடையாது, கொஞ்ச நேரம் டபுள் விழவில்லையென்றால் அந்த வருடமே போச்சு. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஏழு வருடம் ஒருவர் தோற்கவே இல்லை என்பதை நான் இன்றும் நம்ப முடியாமல்தான் சொல்கிறேன்.

அப்புறம் நெதர்லாந்தின் ஃபிரான்சிஸ் ஹூன்செலார். பாவம், 2002, 2004, 2005, 2006, 2007 என்று ஐந்து இறுதியாட்டங்களில் ட்ரினாவிடமே தோற்றவர். 2008-ல் ட்ரினாவை ரஷ்யாவின் அனஸ்டாசியா டோப்ரோமிஸ்லோவா வீழ்த்த, மறுவருடம் இறுதியில் மறுபடியும் ஹூன்செலாரும் ட்ரினாவும். இந்த முறை 2-1 என்று ஹூன்செலார் ஜெயித்துவிட்டார்! நான் ட்ரினா கட்சிதான், ஆனாலும் அந்த ஒரு தோல்விக்காக வருத்தப்பட எனக்கு மனசு வரவில்லை.

சரி, இனி அவ்வளவுதான் என்று பார்த்தால் 2010, 2011 இரண்டிலும் வேல்ஸின் ரியான் எட்வர்ட்ஸை வென்று திரும்பி வந்தார். பத்தாவது பட்டம் 2016-ல், 46 வயதில். எதிரே ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்துக்கு ஆடிய டெட்டா ஹெட்மன், அதற்கு முன் இரண்டு உலக இறுதிகளில் தோற்றவர். அதற்குள் பெண்கள் இறுதி ஐந்து செட் ஆகியிருந்தது, அந்த ஐந்தாவது செட் வரைக்கும் போய் 3-2 என்று ட்ரினா ஜெயித்தார்.

ஷெராக் ஆண்களை வென்றதால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது, புரிகிறது. ஆனால் பெண்களுக்குள் ஆடி வென்றதெல்லாம் கணக்கில் வராது என்பது போல உங்கள் கட்டுரை இருந்ததுதான் என் வருத்தம். அடுத்த இதழில் ட்ரினாவுக்கு ஒரு அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள். அந்த 2016 இறுதியாட்டத்திலிருந்தே தொடங்கலாம், அப்போது டெட்டா ஹெட்மனைப் பற்றியும் நாலு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி